நுரையீரல் அடைப்பு நோய்: காக்க வந்த புரதங்களே திசுக்களை அரிப்பது எப்படி?

புது தில்லி: பீடியையோ சிகரெட்டையோ வாழ்நாளில் தொட்டிராத பெண்கள், ஐம்பது வயதைக் கடந்ததும் ஒரு குடம் நீரைத் தூக்கி வர முடியாமல் மூச்சிரைத்து மருத்துவமனைக்கு வருவது வட இந்திய மாவட்டங்களில் அன்றாடக் காட்சி. விறகும் வறட்டியும் எரிந்த அடுப்பின் முன் பல ஆண்டுகள் அமர்ந்ததே அவர்களில் பலருக்கு நோய்க்கான காரணம். வீட்டுக்கு எரிவாயு இணைப்பு வந்து, புகை நின்று, சில ஆண்டுகள் ஆன பின்னரும் இருமலும் சளியும் மூச்சுத் திணறலும் நிற்பதில்லை என்பதுதான் அவர்களுக்குப் புரியாத புதிர்.

அந்தப் புதிருக்கான விடையின் பெரும்பகுதி, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் நுண்ணிய புரதங்களில் இருக்கிறது. இந்தப் புரதங்களைத் தடுக்கும் ஊசி மருந்துகள் கடந்த இரு ஆண்டுகளில் நுரையீரல் அடைப்பு நோய்க்கு வெளிநாடுகளில் ஒப்புதல் பெற்றுள்ளன. அவை யாருக்குப் பயன்படும், இந்திய நோயாளிகளுக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்ற கேள்வி இப்போது எழுந்துள்ளது.

சிஓபிடி என மருத்துவர்கள் சுருக்கமாகக் குறிப்பிடும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், உலக அளவில் உயிரிழப்புக்கான காரணங்களில் நான்காவது இடத்தில் உள்ளது. 2021-ஆம் ஆண்டில் மட்டும் இந்நோயால் சுமார் 35 லட்சம் பேர் உயிரிழந்ததாக உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டுள்ளது. இந்தியாவில் 1990-இல் 2.81 கோடியாக இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை 2016-இல் 5.53 கோடியாக உயர்ந்ததாக, மாநில வாரியான நோய்ச் சுமை குறித்து 2018-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. இந்நோயால் இழக்கப்படும் ஆரோக்கிய ஆண்டுகளில் 53.7 சதவீதத்துக்குக் காற்று மாசும், 25.4 சதவீதத்துக்குப் புகையிலையும் காரணம் என்பது அதே ஆய்வின் கணக்கு. சிஓபிடி என்றாலே புகைபிடிப்போரின் நோய் என்று மேலை நாட்டுப் பாடநூல்கள் வகுத்த இலக்கணம் இந்தியாவில் தலைகீழாகிறது.

செல்களுக்கிடையே செல்லும் கட்டளைகள்

இந்தச் செய்திப் புரதங்களின் பொதுப் பெயர் சைட்டோகைன். கரோனா காலத்தில் 'சைட்டோகைன் புயல்' என்ற சொல் செய்திகளில் அடிபட்டது பலருக்கு நினைவிருக்கலாம். இவற்றில் முதலில் கண்டறியப்பட்டவற்றுள் ஒன்றான இன்டர்ஃபெரான் 1957-இல் லண்டனில் ஐசக்ஸ், லின்டன்மன் ஆகிய இருவரால் அடையாளம் காணப்பட்டது. வைரஸ் தாக்கிய செல், அண்டையில் உள்ள செல்களை எச்சரிக்க அனுப்பும் புரதம் அது. பின்னர் ஒவ்வோர் ஆய்வகமும் ஒவ்வொரு பெயரில் புதிய புரதங்களை அறிவிக்கவே குழப்பம் மிகுந்தது. வெள்ளை அணுக்களுக்கிடையே செயல்படுபவை என்ற பொருளில் 'இன்டர்லியூகின்' எனப் பெயரிட்டு, அவற்றுக்கு எண் கொடுக்கும் முறை 1979-இல் வந்தது. இன்று மருந்துச் சீட்டுகளிலும் ஆய்வறிக்கைகளிலும் காணப்படும் இன்டர்லியூகின்-4, 5, 13, 33 போன்றவை அந்த வரிசையைச் சேர்ந்தவை.

ஒரு சைட்டோகைன் தானாக எதையும் அழிப்பதில்லை. தனக்குரிய ஏற்பி எந்தச் செல்லின் மேற்பரப்பில் உள்ளதோ, அந்தச் செல்லில் சென்று பொருந்திக் கட்டளையைச் சேர்ப்பிக்கிறது. 'இங்கே வா', 'பெருகு', 'சளியைச் சுரக்கச் செய்', 'போதும், நிறுத்து' என ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பணி. பணி முடிந்ததும் கட்டளை ஓய்ந்துவிட வேண்டும். சாதாரண சளிக்காய்ச்சல் ஒரு வாரத்தில் அடங்குவதற்கு இந்த ஒழுங்கே காரணம். சிஓபிடியில் கோளாறு, கட்டளை பிறப்பதில் இல்லை, ஓயாததில் இருக்கிறது. கரோனா காலப் புயல் சில நாள்களில் உயிரைப் பறித்தது. இதுவோ இருபது, முப்பது ஆண்டுகள் விடாது பெய்யும் தூறல்.

புகை உள்ளே சென்றதும் நடப்பது

ஒரு மனிதர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறார். அதில் கலந்துள்ள, 2.5 மைக்ரானுக்கும் குறைந்த துகள்கள் மூக்கின் மயிர்களையும் தொண்டையின் சளிப்படலத்தையும் கடந்து, மூச்சுக்குழலின் கடைசிக் கிளைகளையும் அவற்றின் நுனியில் உள்ள காற்று நுண்ணறைகளையும் அடைகின்றன.

அங்கே அவற்றை முதலில் சந்திப்பவை இரண்டு. ஒன்று, மூச்சுக்குழலின் உட்சுவரில் வரிசையாக அமைந்த மேற்படலச் செல்கள். புகையால் காயமுறும்போது இவை டிஎஸ்எல்பி, இன்டர்லியூகின்-33 ஆகிய புரதங்களை வெளியிடுகின்றன. ஆபத்து மணிபோல் முதலில் ஒலிப்பதால் இவற்றை 'எச்சரிக்கைப் புரதங்கள்' என்கின்றனர். இன்டர்லியூகின்-33 செல்லின் உட்கருவுக்குள்ளேயே சேமித்து வைக்கப்பட்டிருக்கும். செல் சிதைந்தால் வெளியே கொட்டும். மற்றொன்று, நுண்ணறைகளில் சுற்றித் திரியும் மேக்ரோபேஜ் எனப்படும் விழுங்கு செல்கள். கரித்துகளை விழுங்கும் இவை, அதைச் செரிக்க இயலாமல் டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லியூகின்-1 பீட்டா, இன்டர்லியூகின்-8 ஆகியவற்றைச் சுரக்கின்றன.

இவற்றுள் இன்டர்லியூகின்-8 ரத்தத்தில் ஓடும் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்களைத் திரளாக நுரையீரலுக்கு அழைக்கிறது. பாக்டீரியாவை அழிப்பதற்காக இந்த அணுக்கள் சுமந்து வரும் ஆயுதங்களில் ஒன்று எலாஸ்டேஸ் என்ற நொதி. நுரையீரலுக்கு மீள்தன்மை தரும் எலாஸ்டின் இழைகளையே அது அறுத்துவிடும். இயல்பான நிலையில் ரத்தத்தில் உள்ள ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் என்ற புரதம் அந்த நொதியை அடக்கி வைக்கிறது. பிறவியிலேயே இப்புரதம் குறைவாக உள்ளவர்களுக்கு இளம் வயதிலேயே நுரையீரல் சிதைவதை ஸ்வீடனைச் சேர்ந்த லாரெல், எரிக்சன் ஆகியோர் 1963-இல் கண்டறிந்தனர். சிதைவின் காரணம் கிருமியோ புகையோ மட்டுமன்று, உடலின் சொந்த ஆயுதமும்தான் என்பதற்கு அதுவே முதல் வலுவான சான்றாயிற்று.

இழைகள் அறுந்ததும் அருகருகே இருந்த நுண்ணறைகள் ஒன்றாகிப் பெரிய பைகளாகின்றன. உள்ளே போன காற்று முழுவதும் வெளியே வருவதில்லை. இன்னொரு பக்கம் சளிச் சுரப்பிகள் பெருத்து, சிறு மூச்சுக்குழல்களின் சுவர் தடிக்கிறது. விறகுப் புகையால் வரும் சிஓபிடியில் நுண்ணறைச் சிதைவைவிட இந்தச் சிறு குழல்களின் தடிப்பே மிகுதி என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. பெயர் ஒன்றாயினும், விறகடுப்பு உண்டாக்கும் நோய் சிகரெட் உண்டாக்கும் நோயின் நகல் அல்ல.

புகை நின்ற பிறகும் ஏன்?

நீண்ட காலம் புகையை எதிர்கொண்ட நுரையீரலில் நோய் எதிர்ப்புச் செல்கள் வந்துபோகும் விருந்தினராக இல்லாமல் குடியேறிவிடுகின்றன. நோய் முற்றியவர்களின் சிறு மூச்சுக்குழல்களைச் சுற்றி, நிணநீர் முடிச்சுகளைப் போன்ற செல் திரள்கள் உருவாகியிருப்பதை 2004-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. சேதமடைந்த குழல்களில் சளி தேங்குகிறது. தேங்கிய சளியில் பாக்டீரியா தங்குகிறது. அதை விரட்ட மீண்டும் சைட்டோகைன்கள் சுரக்கின்றன. புகை தொடங்கி வைத்ததை உடலே தொடர்ந்து நடத்துகிறது.

இதை அடக்க ஸ்டீராய்டு போதாதா என்று கேட்கலாம். ஆஸ்துமாவில் பெரும்பாலோருக்குப் போதும். சிஓபிடியிலோ பலருக்கு அது பாதிப் பலன்கூடத் தருவதில்லை. அழற்சிப் புரதங்களை உற்பத்தி செய்யும் மரபணுக்களை மூடுவதற்கு ஸ்டீராய்டு மருந்து, ஹெச்டிஏசி-2 என்ற நொதியின் துணையை நாடுகிறது. நோய் முற்ற முற்ற நுரையீரலில் இந்த நொதியின் செயல்பாடு குறைந்துகொண்டே போவதை 2005-இல் ஆய்வாளர்கள் அளந்து காட்டினர். பூட்டு இருக்கிறது, சாவி தேய்ந்துவிட்டது. குறைந்த அளவு தியோஃபிலின் மாத்திரை இந்த நொதியை மீட்டெடுக்கும் என்ற நம்பிக்கை சில காலம் நிலவியது. பிரிட்டனில் 1,567 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2018-இல் வெளியானபோது, நோய்த் தீவிரமாதல் அதனால் குறையவில்லை என்று தெரிந்தது. இந்தியாவில் இன்றும் தாராளமாக எழுதப்படும் மாத்திரை என்பதால் இந்த முடிவு கவனிக்கத்தக்கது.

இந்தப் புரதங்கள் நுரையீரலோடு நிற்பதுமில்லை. இன்டர்லியூகின்-6 கல்லீரலைத் தூண்டி, சிஆர்பி எனப்படும் அழற்சிப் புரதத்தை ரத்தத்தில் உயர்த்துகிறது. டிஎன்எஃப்-ஆல்ஃபா தசை கரைவதோடு தொடர்புடையது. 'உடலை மெலிய வைப்பது' என்ற பொருளிலேயே அதற்கு ஒரு காலத்தில் கேக்கெக்டின் என்று பெயர் இருந்தது. சிஓபிடி நோயாளிகள் பலர் எலும்பும் தோலுமாக மெலிவதற்கும், நோய் தீவிரமாகும் நாள்களை அடுத்து மாரடைப்பு அபாயம் கூடுவதற்கும் ரத்தத்தில் கலந்த இந்த அழற்சி ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. வீட்டார் 'சாப்பிடாததால் இளைத்துவிட்டார்' என்று எண்ணிக்கொள்வது முழு உண்மை அல்ல.

தவறான இலக்கில் எய்த அம்பு

குற்றவாளியின் பெயர் தெரிந்துவிட்டதால், அதைத் தடுத்தால் போதும் என்று முதலில் நினைக்கப்பட்டது. மூட்டுவாத நோயில் டிஎன்எஃப்-ஆல்ஃபாவைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்து பெரும் வெற்றி பெற்றிருந்தது. அதையே 234 சிஓபிடி நோயாளிகளுக்குச் செலுத்திய சோதனையின் முடிவு 2007-இல் வெளியானது. பயன் ஏதுமில்லை. மருந்து பெற்றவர்களில் நிமோனியாவும் புற்றுநோயும் எண்ணிக்கையில் சற்றுக் கூடுதலாகவே காணப்பட்டன. இன்டர்லியூகின்-1, இன்டர்லியூகின்-17 ஆகியவற்றைக் குறிவைத்த மருந்துகளும் பின்னர் ஏமாற்றமே அளித்தன.

இந்தியாவுக்கு இதில் தனிப்பாடம் ஒன்று உண்டு. காசநோய்க் கிருமியை நுரையீரலுக்குள் செல்களால் சுற்றிவளைத்துச் சிறைவைப்பதில் டிஎன்எஃப்-ஆல்ஃபாவுக்கு முக்கியப் பங்கு இருக்கிறது. அதைத் தடுத்தால் சிறை உடையும். இன்ஃப்ளிக்ஸிமாப் பெற்ற 70 பேருக்குக் காசநோய் தலைதூக்கியதை 2001-இல் வெளியான அறிக்கை பதிவு செய்தது. உலகின் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் வாழும் நாட்டில், ஒரு சைட்டோகைனைக் கண்ணை மூடிக்கொண்டு அடக்கிவிட முடியாது. அழிவைச் செய்யும் அதே புரதம்தான் காவலும் இருக்கிறது.

திருப்பம் தந்த ஈசினோபில்

தோல்விகளை மறுபடி ஆராய்ந்தபோதுதான் ஓர் உண்மை தெளிவாயிற்று. சிஓபிடி என்ற ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு சமிக்ஞைகளால் இயங்கும் நோயாளிகள் கலந்திருக்கிறார்கள். பெரும்பாலோரிடம் நியூட்ரோபில் வகை அழற்சி உள்ளது. ஆனால், ஏறத்தாழ 20 முதல் 40 சதவீதம் பேரிடம் ஆஸ்துமாவில் காணப்படுவது போன்ற மற்றொரு வகை அழற்சி உள்ளது. இன்டர்லியூகின்-4, 5, 13 ஆகிய மூன்றும் இதை இயக்குகின்றன. ஈசினோபில் என்ற வெள்ளை அணுக்கள் ரத்தத்தில் கூடுவது இதன் வெளி அடையாளம்.

இன்டர்லியூகின்-4, 13 இரண்டுக்கும் பொதுவான ஏற்பியை அடைக்கும் டுபிலுமாப் மருந்து, ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 300-க்குக் குறையாத ஈசினோபில் கொண்டவர்களிடம் மட்டும் சோதிக்கப்பட்டது. மூன்று மருந்துகள் அடங்கிய இன்ஹேலர் சிகிச்சைக்குப் பிறகும் நோய் அடிக்கடி தீவிரமானவர்கள் அவர்கள். 2023-இல் வெளியான முதல் சோதனையில் தீவிரத் தாக்குதல்கள் 30 சதவீதமும், 2024-இல் வெளியான இரண்டாவது சோதனையில் 34 சதவீதமும் குறைந்தன. 2024 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியமும் செப்டம்பரில் அமெரிக்காவும் அதற்கு ஒப்புதல் வழங்கின. இன்டர்லியூகின்-5-ஐத் தடுக்கும் மெபோலிசுமாப் 2018-இல் அமெரிக்காவில் நிராகரிக்கப்பட்டு, புதிய சோதனைக்குப் பின் 2025 மே மாதம் ஒப்புதல் பெற்றது.

30 சதவீதம் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். சிஓபிடியில் ஒவ்வொரு தீவிரத் தாக்குதலும் மீளாத இழப்பை விட்டுச் செல்லக்கூடியது என்பதை அறிந்தவர்களுக்கு அது சிறிதல்ல. எனினும் இவை குணப்படுத்தும் மருந்துகள் அல்ல. சிதைந்த நுண்ணறைகளை எந்த ஊசியும் மீண்டும் கட்டித் தருவதில்லை.

புழுக்களும் புகையடுப்பும்

இந்த அளவுகோலை இந்தியாவுக்குக் கொண்டுவரும்போது இரண்டு சிக்கல்கள் எழுகின்றன.

முதலாவது, ஈசினோபில் உயர்வுக்கு இங்கே வேறு காரணங்களும் உண்டு. இன்டர்லியூகின்-5-உம் ஈசினோபில்களும் உடலில் நெடுங்காலமாகச் செய்துவரும் பணிகளில் ஒன்று, ஒட்டுண்ணிப் புழுக்களை எதிர்ப்பது. குடற்புழு, யானைக்கால் நோய்ப் புழு ஆகியவை பரவியுள்ள பகுதிகளில் நுரையீரல் நோய் இல்லாதவரிடமும் இந்த எண்ணிக்கை 300-ஐத் தாண்டலாம். 1940-இல் ஆந்திரத்தின் மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையின் மருத்துவர்கள் ஃப்ரிமோட்-மோலர், பார்ட்டன் ஆகியோர், காசநோயைப் போலவே தோன்றினாலும் கிருமி காணப்படாத, ஈசினோபில் மிகுந்த ஒரு நுரையீரல் நோயை விவரித்தனர். 1943-இல் அதற்கு 'வெப்பமண்டல ஈசினோபில் நோய்' என்ற பெயர் வந்தது. யானைக்கால் புழுவின் இளம் உயிரிகள் நுரையீரலில் சிக்குவதே காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. டைஎத்தில்கார்பமசின் மாத்திரைக்கே இது கட்டுப்படுகிறது. விலையுயர்ந்த ஊசிக்கு முன், மலப் பரிசோதனையும் மலிவான புழுக்கொல்லி மாத்திரையும் நினைவுக்கு வரவேண்டிய நாடு இது.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. டுபிலுமாப் சோதனைகளில் சேர்வதற்கு, குறைந்தது 10 'பாக்கெட் ஆண்டு' புகைபிடித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நாளொன்றுக்கு 20 சிகரெட் வீதம் ஓராண்டு புகைப்பது ஒரு பாக்கெட் ஆண்டு. அடுப்புப் புகையால் மட்டும் நோயுற்ற பெண்ணுக்கு அந்தக் கணக்கு பூஜ்யம். எனவே சோதனையின் வாசலிலேயே அவர் நின்றுவிட்டார். உலகில் சிஓபிடி நோயாளிகளில் கணிசமானோர் புகைபிடிக்காதவர்கள் என்பதை 2009-இலேயே புணேயைச் சேர்ந்த மருத்துவர் சந்தீப் சால்வியும் லண்டன் பேராசிரியர் பீட்டர் பார்ன்ஸும் எடுத்துரைத்திருந்தனர். பதினைந்து ஆண்டுகள் கழித்தும் பெரிய மருந்துச் சோதனைகள் சிகரெட்டையே எண்ணிக்கொண்டிருக்கின்றன.

இது நிர்வாகக் குறை மட்டுமன்று, அறிவியல் குறையும்கூட. அடுப்புப் புகை வேறு சமிக்ஞைகளைத் தூண்டக்கூடும். மெக்சிகோவில் விறகுப் புகைக்கு ஆளான பெண் நோயாளிகளையும் சிகரெட்டால் நோயுற்றவர்களையும் ஒப்பிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், முன்னவர்களிடம் ஒவ்வாமை வகை சார்ந்த டி செல்களும், பின்னவர்களிடம் இன்டர்லியூகின்-17 வகை டி செல்களும் மேலோங்கியிருந்தன. அப்படியானால் புதிய ஊசிகள் அடுப்புப் புகை நோயாளிகளுக்குக் கூடுதலாகப் பயன்படவும் கூடும். சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

இன்டர்லியூகின்-33-ஐத் தடுக்கும் இடெபெகிமாப் மருந்தின் கதை இந்த ஐயத்தை வலுப்படுத்துகிறது. 2021-இல் வெளியான இடைநிலைச் சோதனையில் நோயாளிகள் அனைவரையும் சேர்த்துப் பார்த்தபோது பயன் தெரியவில்லை. புகைப்பதை விட்டவர்களைத் தனியே பிரித்தபோது தாக்குதல்கள் 42 சதவீதம் குறைந்திருந்தன. புகைத்துக்கொண்டே இருப்பவரிடம் எழும் சமிக்ஞை வேறு, விட்டவரிடம் எஞ்சும் சமிக்ஞை வேறு. ஆனால் 2025-இல் அறிவிக்கப்பட்ட இரண்டு பெரிய சோதனைகளில் ஒன்று இலக்கை எட்ட, மற்றது தவறியது. எரிவாயு இணைப்பு பெற்றும், சிலிண்டர் தீர்ந்த நாள்களில் விறகுக்குத் திரும்பும் பெண் இந்தப் பகுப்பில் எந்தப் பக்கம் சேர்வார் என்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

கையில் இருப்பவை

ஊசி மருந்துகளின் விலை பெரும்பாலான இந்தியக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆனால், அவற்றுக்கு வழிகாட்டிய அறிவு எட்டும் தொலைவில்தான் உள்ளது. வழக்கமான ரத்த அணுப் பரிசோதனையிலேயே ஈசினோபில் எண்ணிக்கை தெரிந்துவிடும். அது 300-ஐத் தாண்டி, நோயும் அடிக்கடி தீவிரமானால் ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் பயன்தர வாய்ப்பு அதிகம். 100-க்குக் கீழ் இருந்தால் பயன் குறைவு, நிமோனியா அபாயமே மிச்சம் என்று சர்வதேச சிகிச்சை வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. முன்பு ஒருமுறை காசநோய் வந்து குணமானவரிடம் இந்த முடிவு இன்னும் கவனத்துடன் எடுக்கப்பட வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை, ஊசி பெற்ற நாள்களில் ஈசினோபில் எண்ணிக்கை தற்காலிகமாகச் சரியும் என்பதால், நோய் தணிந்த காலத்தில் எடுத்த பரிசோதனையையே அளவாகக் கொள்வது நல்லது.

அதற்கும் முன்னர், நோய் இருப்பதே உறுதியாக வேண்டும். குழாயில் முழு மூச்சையும் ஊதச் செய்து அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை இன்றி சிஓபிடியை உறுதிப்படுத்த இயலாது. அந்தக் கருவி பெரிய மருத்துவமனைகளைத் தாண்டி ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை பரவலாகச் சென்றடையவில்லை. ஆஸ்துமா என்றும், நாள்பட்ட சளி என்றும், சில வேளைகளில் காசநோய் என்றுமே பல பெண்கள் ஆண்டுக்கணக்கில் சிகிச்சை பெறுகிறார்கள்.

2016 மே மாதம் உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கப்பட்ட உஜ்வலா திட்டம் கோடிக்கணக்கான வீடுகளுக்கு எரிவாயு இணைப்பைக் கொண்டுசென்றது. ஆயினும் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தூய எரிபொருளில் சமைத்த கிராமப்புற வீடுகள் 43.2 சதவீதம் மட்டுமே. மீதமுள்ள வீடுகளின் சமையலறைகளில் எச்சரிக்கைப் புரதங்கள் இன்று காலையும் சுரந்திருக்கும்.